வெளிச்சாப்பாடு கூடாது

நான்காம் ஆண்டு படித்தபோது மலாய் வாசிப்புப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. மூடியில் உறிஞ்சுகுழல் வைத்த ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி. வீட்டில் அதில் நான் ஒரு நாளும் தண்ணீர் குடித்ததில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி திருப்பித் திருப்பி வைப்பேன். தீம் பார்க் போன கதையைச் சொல்ல வந்தவள் புட்டியில் ஆரம்பிக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பயணத்தில் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அந்தப் புட்டி கொடுத்த தலைக்கனம்தான்.

அப்போது நாங்கள் கோலா சிலாங்கூரை அடுத்து, புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவுக்கு நாற்றுப் பண்ணையில் வேலை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் குடும்ப தினம் என்று சொல்லி அவர் கையிலும் ஐந்து தீம் பார்க் டிக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் இல்லாத மனிதர் குடும்பம் தேடி மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளி விடுமுறை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அது. வருகிற சனிக்கிழமை போகிறோம், வேனுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்.

தம்பி கத்திக்கொண்டே வீட்டை மூன்று சுற்று சுற்றி வந்தான். நான் பரிசு வாங்கிய பிள்ளை என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "நீங்க நாலு பேரும் போய்ட்டு வாங்க. நான் அங்க வந்து என்னா செய்யப் போறேன்?"

இது அம்மாவின் வழக்கமான பல்லவி. பள்ளியிலிருந்து விலங்குத் தோட்டத்துக்குப் போனபோதும் இதையேதான் சொன்னார். சித்தப்பாவின் கம்பெனி விருந்துக்கும் இதுதான். எங்களைத் தலைசீவி, பவுடர் போட்டு, பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக் கோடியில் நின்று கையாட்டுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் நிற்பார். இடையில் அவர் வீட்டுக்குள் போனாரா என்றே சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும். டிக்கெட்டுகளோடு வந்த படத்தில் ஒரு பெரிய கப்பல் ஊஞ்சல் இருந்தது. அதில் எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா என்று பார்த்த உடனேயே நான் இடம் போட்டு வைத்துவிட்டேன். அம்மா இல்லாமல் அந்தக் கப்பலில் ஏற எனக்கு மனசே இல்லை.

அண்ணி வாங்க என்று சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். கோழிக்கு யார் தண்ணீர் வைப்பது என்று அம்மா கேட்டார். ஒரு டிக்கெட் வீணாகுமே என்றார் சித்தப்பா. யாராவது சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் அம்மா. கடைசியாகப் பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

"அங்க போயி வெளிச்சாப்பாட்டத் தின்னுட்டு வந்து மூணு நாளு யாரு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கிறது?"

வெளிச்சாப்பாடு என்பது எங்கள் வீட்டில் பாதி கெட்ட வார்த்தை. கடையில் வாங்குவது, சந்தையில் வாங்குவது, அம்மாவின் கை படாத எதுவும் வெளிச்சாப்பாடு. கோவில் அன்னதானத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒருமுறை இரவுச் சந்தையில் பொரித்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தம்பி லோரிக்குள் வாந்தி எடுத்தான். அதன்பிறகு இரண்டு வருஷமாக அம்மா அந்த மீயைக் கோர்ட்டில் சாட்சி கூப்பிடுகிற மாதிரி அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா டிக்கெட் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "பாப்பா, நீதான பரிசு வாங்குன ஆளு. இதுல என்னா போட்டிருக்குன்னு அம்மாவுக்குக் கேக்குற மாதிரி வாசி."

இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். அது பார்க்கின் விதிமுறைத் தாள், முழுக்க மலாயில் இருந்தது. நேரம், உயரம், செருப்பு என்று ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கு மலாயில் சொல்வதெழுதுதல் போடுவதே அம்மாதான், அதே மணையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்க்காமல், வெங்காயம் உரித்துக்கொண்டே. ஆகவே அம்மா முன்னால் வாசிப்பது எனக்குப் பழக்கம்தான். ஐந்தாவது விதிக்கு வந்தேன். மக்கானான் டான் மினுமான் லுவார் தீடாக் டிபெனார்கான். மக்கானான் என்றால் சாப்பாடு. மினுமான் என்றால் குடிக்கிறது. லுவார் என்றால் வெளி. தீடாக் டிபெனார்கான் என்றால் அனுமதி இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. சேர்த்து உரக்கச் சொன்னேன்.

"வெளிச்சாப்பாடு கூடாதாம்மா. வெளித் தண்ணியும் கூடாதாம்!"

வெங்காயக் கத்தி நின்றது. "என்னா போட்டிருக்கு? இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா அவர் தோளில் கையைப் போட்டு, உன் மோட்டார் சைக்கிள் செயின் சத்தம் போடுகிறதே, வா பார்க்கலாம் என்று வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்லையே, அவங்களுக்கும் புத்தி இருக்கு. அப்ப எல்லாம் வீட்டுலேர்ந்துதான் கொண்டு போவணும். ஒங்கப்பாவையும் சித்தப்பாவையும் நம்பி விட்டா ரொட்டியும் தண்ணியுமாத்தான் ஒங்களக் காயப் போடுவாங்க." மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அஞ்சு பேருக்கு எத்தன படி மாவு வேணும்னு பாக்கணும்."

அஞ்சு பேர் என்றார். நான் காதில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு ஓடிப் போய்த் தம்பியைக் கட்டிப்பிடித்தேன். வேறு எந்தக் காரணத்துக்காகவும் நான் அவனைக் கட்டிப்பிடித்ததாக ஞாபகம் இல்லை.

நாட்டுக்கு ஐந்தாண்டுத் திட்டம் இருக்கிற மாதிரி அம்மாவிடம் அன்றைக்கே ஓர் ஐந்து நாள் திட்டம் உருவாகிவிட்டது. கிழித்துப் போட்ட தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டினார். கெட்டுப்போகாதது முதலில், சீக்கிரம் கெடுவது கடைசியில் என்பது திட்டத்தின் அடிப்படை. திங்கட்கிழமை அப்பா லோரி வேலை முடித்து வரும்போது டவுனில் மாவு அரைத்துக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை முறுக்கு. அம்மா நாற்றுப் பண்ணையிலிருந்து இரண்டு மணிக்கு வந்து, குளித்து, நேராக அடுப்படிக்குப் போனார். பிழிவது அப்பாவின் வேலை. அவர் ஸ்டீயரிங் பிடித்த கையால் பிழிந்ததால் முறுக்கெல்லாம் ஒரே பக்கம் வளைந்து போனது. கோலா சிலாங்கூர் ரவுண்டபோட்டே இதைவிட நேராக இருக்கும் என்று அம்மா சொல்ல, அப்பா சிரிப்பில் உரலை விட்டுவிட்டார்.

புதன்கிழமை அச்சு முறுக்கு. பூ மாதிரி இருக்கும் இரும்பு அச்சை எண்ணெயில் காய வைத்து, தேங்காய்ப்பால் மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு உதற வேண்டும். முழுக்க முக்கினால் கழன்று வராது. முதல் நாலைந்து எப்படியும் ஒட்டிக்கொள்ளும், அவை எங்களுக்கு. நானும் தம்பியும் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து, இன்னும் நாலு ஒட்டிக்கொள்ளாதா என்று சாமி கும்பிட்டோம். வியாழக்கிழமை மரவள்ளிக்கிழங்கைச் சீவிப் பொரித்து மிளகாய்த்தூள் பிரட்டியாகிவிட்டது. நெத்திலியும் கடலையும் வறுத்தாயிற்று. வீடு முழுக்க எண்ணெய் வாசம். பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் வீட்டில் கல்யாணமா என்று எட்டிப் பார்த்தார். அம்மா முறுக்கு ஒரு தட்டு கொடுத்து, அதே மூச்சில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பையும் அவரிடம் தள்ளிவிட்டார்.

தம்பிக்கு வேறு கவலை. கப்பல் ஊஞ்சலில் ஏற நூற்றுப்பத்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். அரை விரற்கடை குறைந்தது. அவன் திங்கள் முதல் வெள்ளி வரை முருங்கைக்கீரையைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான், காலையும் மாலையும் கோட்டில் போய் நின்றான். கீரை அவனைக் கைவிட்டது. அம்மா அவன் தலையைத் தடவிப் பார்த்து, சனிக்கிழமை எண்ணெய் வைக்க வேண்டாம், முடி எழும்பி நிற்கட்டும் என்று முடிவு செய்தார். எண்ணெய் இல்லாமல் அவன் வெளியே கிளம்பியது அதுவே முதல் தடவை.

நானோ அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. அம்மா வருகிறார், என்னால்தான் வருகிறார். ஐந்தாவது விதியை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, காலண்டர் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். மலாயிலும் எழுதினேன், தமிழிலும் எழுதினேன்.

சனிக்கிழமை விடியும்போது வேன் வந்தது. சதுரமான பெரிய பிஸ்கட் டின் ஒன்று, அதில் முறுக்கு வகை. நாலு அடுக்குத் தூக்கில் புளிச்சோறு, உருளைக்கிழங்கு பிரட்டல், நெத்திலி சம்பல், அவித்த முட்டை. கிழங்குப் பொரியல் தனி டப்பா. கொதித்து ஆறிய தண்ணீர் மூன்று புட்டி. என் பரிசுப் புட்டியிலும் அன்றைக்கு முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி சூட் போட்டிருந்தார். லயத்துக் கோடி வந்தது, யாரும் அங்கே நிற்கவில்லை. கையாட்டுகிறவர் எங்களோடு வேனுக்குள் உட்கார்ந்து தூக்கை மடியில் பிடித்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெற்று இடத்துக்கு நானே கையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டரை மணி நேரப் பயணம். தம்பி முடி கலையாமல் இருக்கக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டே வந்தான். தூரத்தில் கப்பல் ஊஞ்சலின் கொம்பு தெரிந்ததும் நாங்கள் போட்ட சத்தத்தில் வேன் ஓட்டிய சித்தப்பா திரும்ப வேண்டிய ஒரு சந்திப்பைத் தவறவிட்டார்.

வாசலில் பைகளைச் சோதிக்க ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சீருடை போட்ட, அம்மா வயதுள்ள ஒரு மலாய்ப் பெண். அவர் தூக்கைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, மக்கானான் லுவார் உள்ளே கொண்டு போக முடியாது காக் என்றார். காக் என்றால் அக்கா.

நான் அவருடைய விரல் போன திசையைப் பார்த்தேன். அது அம்மாவின் தூக்கைக் காட்டியது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பார்க்குக்கு வெளியே இருந்து வருகிற சாப்பாடுதான் வெளிச்சாப்பாடு. அவர்களுக்கு எங்கள் வீடும் வெளிதான். ஐந்து நாள் அம்மா அடுப்பில் வெந்ததெல்லாம் இந்த மேசையோடு போச்சு, அதுவும் என்னால்.

அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. மலாயில், தெளிவாகச் சொன்னார்: "இனி புக்கான் மக்கானான் லுவார். இனி மக்கானான் ரூமா." இது வெளிச்சாப்பாடு இல்லை, இது வீட்டுச் சாப்பாடு.

அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தாலும் விதி விதிதான் என்று கையை விரித்தார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா தூக்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"சரி, நீங்க போய்ட்டு வாங்க. நான் வேன்ல ஒக்காந்து இதப் பாத்துக்கிறேன்."

எந்த வார்த்தையைக் கேட்கக் கூடாது என்று வாரம் முழுக்க நினைத்தேனோ, அதே வார்த்தை. நான் அங்கேயே ஓவென்று அழ ஆரம்பித்தேன். நான்தான் தப்பா வாசிச்சிட்டேன், நான் போகமாட்டேன், நானும் வேன்லயே இருக்கேன் என்று கண்ணும் மூக்கும் ஒழுக அழுதேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் அம்மாவையும் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவோ தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தம்பிதான் கேட்டான். கழுத்தை ஆட்டாமல், கண்ணை மட்டும் அம்மா பக்கம் திருப்பிக் கேட்டான். "கையிலதான எடுத்துட்டுப் போகக் கூடாது? வயித்துல எடுத்துட்டுப் போலாம்ல?"

அப்பா அவனை அப்படியே தூக்கிக்கொண்டார், முடி கலையாமல்.

கார் நிறுத்தும் இடத்தில், ஒரு மரத்தடியில், வேனிலிருந்த பாயை எடுத்து விரித்தோம். காலை மணி பத்துகூட ஆகவில்லை. மதியச் சாப்பாட்டை அப்போதே சாப்பிட்டோம். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம். எங்களைப் பார்த்துவிட்டு, சபாக்கிலிருந்து வந்த இன்னொரு குடும்பமும் மேசையிலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் பாய் விரித்தது. அவர்கள் வீட்டு மீன் குழம்பு எங்கள் பாய்க்கு வந்தது, எங்கள் புளிச்சோறு அங்கே போனது. அது வெளிச்சாப்பாடுதான். ஆனால் அம்மா இரண்டு துண்டு மீன் வாங்கிக்கொண்டார். தூக்கு காலியானது. டின்னைத்தான் என்ன செய்தும் காலி செய்ய முடியவில்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய், ஓர் அச்சு முறுக்கை அந்தக் காவல்காரப் பெண் கையில் கொடுத்தார். அவர் கடித்தார், கண்ணை மூடினார், டின்னைத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சாயந்திரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சாயந்திரம் டின் வந்தது, பாதி எடையில்.

உள்ளே போனதும் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. துப்பட்டாவை இழுத்தார், தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தார், எங்களுக்குப் பசிக்கிறதா என்று கேட்டார். பசியா! மூச்சுவிடவே இடமில்லாமல் இருந்தோம். கப்பல் ஊஞ்சல் வரிசையில் தம்பியை அளவுப் பலகையில் நிறுத்தினார்கள். முடி கோட்டைத் தொட்டது. அளந்த ஆள் முடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், போ லா என்று விட்டுவிட்டார். நான் இடம் போட்டபடியே உட்கார்ந்தோம். கப்பல் மெதுவாக ஆடத் தொடங்கியதும் அம்மா முருகா என்றார். உச்சிக்குப் போனபோது முருகா நின்று போய், வெறும் அலறல். அதற்கடுத்த உச்சியில் நான் பக்கவாட்டில் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய, கண்ணில் தண்ணீர் வர, துப்பட்டா பறந்து அப்பா முகத்தில் மோத, அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இறங்கியதும் மறுபடி வரிசையில் போய் நின்றார், எங்களைக் கேட்கவே இல்லை. மொத்தம் நான்கு முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு தம்பி பசிக்கிறது என்றான். "இருடா, இன்னும் ஒரே ஒரு தடவ" என்றார், சோறு ஊட்டுவதற்காகவே பிறந்தவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அம்மா.

பல வருஷம் இந்தக் கதையை நான் என்னுடைய அசட்டுத்தனத்தின் கதையாகத்தான் சொல்லிவந்தேன். இப்போது ரவாங்கில் எனக்கு அலுவலக வேலை. போன மாதம் அந்தப் பார்க்குக்கு மறுபடி போகலாம் என்று திட்டம் போட்டு, அம்மாவுக்கு போன் செய்தேன். பேச்சுவாக்கில், அன்றைக்கு உங்களை ஐந்து நாள் அடுப்பில் போட்டு வாட்டிவிட்டேனே, லுவார் என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டேனே என்றேன்.

"எனக்குத் தெரியாதாம்மா லுவார்னா என்னான்னு?" என்றார் அம்மா. "ஒனக்கு மலாய் சொல்லிக் குடுத்தது யாரு?"

அப்பாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவர் லோரி ஓட்டிப் போகிற மில்லில் எல்லாப் பலகையும் மலாய்தானே, அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்றார். எனக்கு அந்த மோட்டார் சைக்கிள் செயின் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் மலாய் சரியாகத் தெரியாதவள் பரிசு வாங்கிய நான் ஒருத்திதான்.

தெரிந்துகொண்டு எதற்கு ஐந்து நாள் கிடந்து வெந்தீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா வா, சும்மா வான்னு எல்லாரும் கூப்புட்டீங்க. சும்மா எப்படிம்மா வர்றது? நீதான் எனக்கு ஒரு வேல குடுத்த."

போனுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா கேட்டார்.

"அந்தக் கப்பலு இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப சும்மாவே வரேன்."